குரங்கு திடீரென்று பாயவில்லை: சிங்கராஜாவில் எங்களுடைய 47 விநாடி

சிங்கராஜா மழைக்காட்டிலிருந்து ஊர் திருகோணமலைக்குத் திரும்பி ஒரு கிழமை வரைக்கும் நாங்கள் நாலு பேரும் இந்தக் கதையை ஒரே மாதிரித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். "சும்மா இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், குரங்கு திடீரென்று பாய்ந்து பையைப் பறித்தது, வங்கிக்காரனைக் கடித்தது." கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பிறகு ஒரு நாள் இரவு டச்பே கடற்கரையில் இருந்தபோது, சின்னவனின் போனில் கிடந்த வீடியோவை முதல் தடவையாக ஆறுதலாகப் பார்த்தோம். 47 விநாடி. அதில் சும்மாவும் இல்லை, திடீரென்றும் இல்லை. நாங்கள் சொன்ன கதைக்கும் அந்த வீடியோவுக்கும் நடுவில் ஒரு லொறி போகலாம்.

அதனால்தான் இதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

யார், எப்படிப் போனோம்

பெயர் போட வேண்டாம் என்று கடிபட்டவன் கேட்டிருக்கிறான், ஆகவே எல்லாரும் பட்டப்பெயரோடுதான் வருவோம். வங்கிக்காரன், உப்புவெளியில் இருக்கிறான். பயணத்துக்கு முன்னமே பட்டியல் போட்டு, அட்டைக் கடிக்கு உப்பு, சித்தாலேபத் தைலம், மாற்றுக் காலுறை என்று ஒவ்வொன்றாக வெட்டி வெட்டிச் சரிபார்த்தவன். கடைசியில் கடி அவனுக்குத்தான் விழுந்தது என்பது அநியாயம். கிண்ணியாக்காரன், மீன் வியாபாரம், சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சின்னவன் என் சித்தி மகன், கம்பஸில் இரண்டாம் வருடம், போன் கையோடு பிறந்தவன். நாலாவது ஆள் நான். பையை வைத்திருந்தவனும் நான்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலைக்காரனுக்குக் குரங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நம்பியவர்கள் நாங்கள். கோட்டை வாசலில் மான், அதைத் தாண்டி மேலே ஏறினால் கோணேசர் கோயில் பக்கம் குரங்கு, கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு வந்தால் அங்கேயும் குரங்கு. வீட்டு மாமரத்தில் காய் திரண்டால் எங்களுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். அம்மா கதவு மூலையில் கெற்றப்போல் வைத்திருக்கிறார், இதுவரை ஒரு கல்லும் பட்டதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டபோது எங்கள் தெருவில் யாருமே ஆச்சரியப்படவில்லை. அடுத்த மாதம் 15ஆம் தேதி காலை 8 மணியிலிருந்து 5 நிமிடம், வளவுக்குள் நிற்கிற குரங்கு, மயில் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லி அரசாங்கம் கணக்கெடுப்பு வைத்ததே, அப்பா முற்றத்தில் கதிரை போட்டு, பேனையும் கடதாசியும் வைத்துக்கொண்டு இருந்தார். ஒன்றும் வரவில்லை. 8.20க்குக் கூட்டமாக வந்து இரண்டு ஓட்டைக் கிளப்பிவிட்டுப் போனது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நடந்ததற்கு முதல் காரணம் இந்தப் பழக்கம்தான். தெரியாத மிருகம் என்றால் நாங்கள் பயந்திருப்போம்.

போன ஓகஸ்டில் போனோம். சிங்கராஜாவில் மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது, தை முதல் பங்குனி வரையும் ஓகஸ்ட், செப்டெம்பரிலும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து பஸ்ஸில் இரத்தினபுரி, இன்னொரு பஸ்ஸில் கலவானை, பிறகு குடாவ வாசலுக்கு ஒரு ஓட்டோ. முதுகில் ஆளுக்கொரு பெரிய பை, மடியில் கச்சான் அல்வா.

காடு வன திணைக்களத்தின் கையில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இடம். பாலையும் வீரையும் முதிரையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, வெயில் தரையைத் தொடாத காடு என்பதே ஒரு மாதிரி இருந்தது. பகல் 11 மணிக்குப் பின்னேரம் 6 மணி வெளிச்சம். சேட்டைப் பிழிந்தால் தண்ணீர். அது மழையா வியர்வையா என்று யாருக்கும் தெரியாது.

எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க கிராமத்து ஆள். கிண்ணியாக்காரன் 'அய்யே' (சிங்களத்தில் அண்ணன்) என்று கூப்பிட்டான், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வாசலில் வைத்தே அவர் மூன்று விஷயம் சொன்னார். தின்பண்டத்தை வெளியே எடுக்காதே. ஷொப்பிங் பையைச் சரசரக்க வைக்காதே. குரங்கைப் பார்த்துச் சிரிக்காதே. கிண்ணியாக்காரன் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க முதல் இரண்டுக்கும் தலையாட்டினோம். மூன்றாவதற்கு நாலு பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, அது இப்போது ஞாபகம் வருகிறது.

உள்ளே இருந்தது வேறு குரங்கு

முதல் நாள் காட்டுக்குள் பார்த்ததைச் சொல்லாவிட்டால் இரண்டாம் நாள் நடந்தது சரியாக விளங்காது.

பாதையில் நடந்துகொண்டிருக்கும்போது மேலே எங்கேயோ இருந்து ஒரு சத்தம், நாய் குரைப்பதும் யாரோ தொண்டையைக் கனைப்பதும் சேர்ந்த மாதிரி. அய்யே கையைக் காட்டினார். "களு வந்துரா." தமிழில் ஊதாமுக மந்தி என்று எழுதுவார்கள். கறுத்த உடம்பு, கன்னத்தில் வெளிறிய தாடி, உடம்பை விட நீளமாகத் தொங்குகிற வால். இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மந்தி. பெரும்பாலும் இலைதான் சாப்பாடு, மரஉச்சிதான் வீடு, தரையில் இறங்குவது அபூர்வம். எங்களைக் கண்டதும் ஆண் மந்தி இன்னொரு தரம் கத்தியது, கூட்டம் கொப்புக்குக் கொப்பு தாவி மறைந்துவிட்டது. கழுத்து வலித்ததுதான் மிச்சம், சின்னவனின் போனில் நாலு கறுப்புப் புள்ளி. தெனியாயப் பக்கம் இதே இனத்தில் வெள்ளையாகவும் உண்டு என்று அய்யே சொன்னார்.

அந்த மந்திக்கு எங்களிடம் ஒரு வேலையும் இல்லை. எங்கள் பையில் இருந்த எதுவும் அதற்குச் சாப்பாடும் இல்லை. காட்டுக் குரங்கு என்றால் அதுதான். இரண்டாம் நாள் எங்களைத் தேடி வந்தது காட்டுக் குரங்கு இல்லை, கிட்டத்தட்ட எங்கள் ஊர்க் குரங்கு.

அதன் பெயர் சிங்களத்தில் 'ரிலவா'. இதுவும் இலங்கைக்கு மட்டுமே சொந்தம். தலைமயிர் நடுவிலிருந்து நாலு பக்கமும் விரிந்து தொப்பி வைத்த மாதிரி இருக்கும். எங்கள் கூரையில் ஓடுவதும் அதே இனம்தான். வறண்ட பக்கத்துக்கு ஒன்று, ஈரவலயத் தாழ்நிலத்துக்கு ஒன்று, மலைநாட்டுக்கு ஒன்று என்று மூன்று உள்ளினம், நிறத்திலும் மயிர் அடர்த்தியிலும்தான் வித்தியாசம். ஆண் சராசரியாக ஐந்தாறு கிலோதான் இருக்கும். மந்திக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: கன்னப்பை. கிடைப்பதை மெல்லாமல் இரண்டு கன்னத்துக்குள்ளும் அடைத்துக்கொண்டு ஓடிப்போய், ஆளில்லாத இடத்தில் இருந்து ஆறுதலாகத் தின்னும். அதாவது பறித்துக்கொண்டு ஓடுவதற்கென்றே அமைந்த வாய்.

2023இல் ஒரு இலட்சம் ரிலவாவைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு அடிபட்டபோது எங்கள் தெரு கைதட்டியது. அது அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது என்பதைச் சொன்னால் அம்மா என்னைத்தான் கெற்றப்போலால் அடிப்பார்.

வீடியோவில் இருப்பது

இரண்டாம் நாள் 11 மணி தாண்டி, காட்டு எல்லைக்குக் கிட்ட ஒரு ஓடை. தட்டையான பாறை. ஓடைக்கு அந்தப் பக்கம் வீட்டுத் தோட்டமும் தேயிலையும் தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாரும் இளைப்பாறுகிற இடம் என்பது பாறை இடுக்கில் கிடந்த பிஸ்கட் தாளிலேயே எழுதியிருந்தது. அய்யே கொஞ்சம் பின்னால் நின்று இன்னொரு வழிகாட்டியோடு கதைத்துக்கொண்டிருந்தார். வங்கிக்காரன் அட்டைக் காலுறையை உருவிவிட்டு, காலில் ஒட்டியிருந்த மூன்று அட்டையை உப்புப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்தக் காலுறை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் ஓடையைப் படம் எடுக்கத் தொடங்கினான்.

முதல் ஆறு விநாடி ஓடைதான். ஆனால் சத்தத்தைக் கேட்டால் பின்னால் சரசர, சரசர. அது நான். பையின் மேல் அறையைத் திறந்து, ஷொப்பிங் பையின் முடிச்சை அவிழ்த்து, கச்சான் அல்வாவை எடுக்கிறேன்.

ஏழாவது விநாடியில் போன் என் பக்கம் திரும்புகிறது. வலது ஓரத்தில், விழுந்து கிடக்கிற மரத்தில், ஒரு ஆண் ரிலவா இருக்கிறது. வரவில்லை, இருக்கிறது. எவ்வளவு நேரமாக இருந்ததோ. எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

பதினோராவது விநாடியில் சின்னவனின் குரல், "அண்ணா, ஆள் வந்திருக்கிறார்." சிரிப்பு. 14இல் படத்துக்குள் ஒரு கை வருகிறது, அல்வாத் துண்டு ஒன்று பறக்கிறது. அது சின்னவனின் இடது கை. டச்பேயில் இதைப் பார்க்கும் வரைக்கும் தான் எதுவும் போடவில்லை என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான், பொய்யில்லை, அவனுக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. கோணேசர் கோயிலடியில் சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை, கை தன் பாட்டில் செய்திருக்கிறது.

ரிலவா துண்டை எடுத்தது, மெல்லவில்லை, இடது கன்னம் மட்டும் வீங்கியது. 19இல் நான் அதன் முகத்துக்கு நேரே குனிந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, "இன்னும் வேணுமா மாப்பிள?" என்கிறேன்.

இந்த இடத்தை நாங்கள் குறைந்தது இருபது தரம் ஓட்டிப் பார்த்திருப்போம். குரங்கின் மொழியில் கண்ணைக் குத்திட்டுப் பார்ப்பது சண்டைக்கு வா என்பது. பல்லை இளிப்பது பயந்தவன் செய்கிற வேலை, நான் உனக்குக் கீழே என்பது. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தேன். வா என்றும் கூப்பிடுகிறேன், காலிலும் விழுகிறேன். அய்யே ஏன் சிரிக்காதே என்றார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

22: அதன் புருவம் மேலே ஏறுகிறது, தலைத்தோல் பின்னால் இழுபட, கண்ணிமை வெளிறித் தெரிகிறது. வாய் வட்டமாகத் திறக்கிறது. ஒரு விநாடிதான். எங்களுக்கு அது கொட்டாவி மாதிரித் தெரிந்தது, "நித்திரை வருதாம்" என்று யாரோ சொல்கிறார்கள். நான்தான்.

25: இன்னும் இரண்டு வருகின்றன. ஒன்று குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட பெண், முதுகு மயிர் நனைந்து திரிதிரியாக இருக்கிறது. மற்றது இளசு, அது எங்களுக்குப் பின்னால் போய்ப் படத்தை விட்டு மறைகிறது. 28: பெரியது கையால் மரத்தை அறைந்து ஓரடி பாய்ந்து நிற்கிறது. நாங்கள் கைகொட்டிச் சிரிக்கிறோம். "பாரடா, பயமுறுத்துது." ஆமாம், அதைத்தான் செய்தது. 31இல் கிண்ணியாக்காரன் மட்டும், "டேய், பையை மூடு." எங்களில் அறிவோடு பேசப்பட்ட ஒரே வசனம்.

நான் மூடவில்லை. 33இல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைத் திருப்புகிறேன்.

பொலன்னறுவையில் 1968இல் வுல்ஃப்காங் டிட்டஸ் தொடங்கிய ஆய்வு இந்த இனத்தைப் பல தலைமுறையாகப் பின்தொடர்ந்திருக்கிறது. அந்தக் கூட்டங்களில் சாப்பாடு என்பது தரவரிசைப்படிதான். மேலே உள்ளது வந்தால் கீழே உள்ளது இடத்தையும் தீனியையும் விட்டு எழும்ப வேண்டும். அதை வைத்து என்னைப் பார்த்தால் கணக்கு லேசு. ஒரு துண்டு தந்தோம், பல்லை இளித்தேன், ஆகவே நான் கீழே. எச்சரித்தது, நான் விலகவில்லை. மரத்தை அறைந்தது, சிரித்தேன். இப்போது தீனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டுகிறேன். அதனிடம் மிச்சம் இருந்தது ஒரு வழிதான்.

36இல் பட்டியைப் பிடித்தது. நான் இழுத்தேன். 74 கிலோ ஆள், ஐந்து கிலோ குரங்கு. இரண்டு தரம் நான் வென்றேன். மூன்றாம் தரம் அது பட்டியை விட்டு என் கைமேலேயே ஏறியது, அந்த விரல்களின் குளிர்ச்சி, பிள்ளைக் கை மாதிரிச் சின்னதாக, ஈரமாக, ஆனால் குறடு மாதிரிப் பிடி. நான் பையை விட்டுவிட்டேன்.

41ஆவது விநாடியில், படத்துக்கு வெளியே, "ஆ" என்று ஒரு சத்தம். பிறகு ஒரே கூச்சல், போன் விழுகிறது, கடைசி மூன்று விநாடியும் ஒரு பழுத்த இலை.

ஏன் இழுத்தேன்? அல்வாவுக்காக இல்லை. அந்த மேல் அறையில்தான் அடையாள அட்டையும் திரும்பிப் போகிற ரயில் சீட்டும் காசும் இருந்தன. இனிப்பையும் அடையாள அட்டையையும் ஒரே அறையில் வைத்தவனை என்ன சொல்வது.

கால், அட்டை, அடையாள அட்டை

பையை 20 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் அது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது, சோதனைச் சாவடியில் பார்க்கிற மாதிரி. டோர்ச், வேண்டாம். துவாய், வேண்டாம். பனடோல், முகர்ந்து பார்த்து வேண்டாம். சோப்பை ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பியது. அல்வா முழுவதும் கன்னத்துக்குள் போனது. அய்யே ஓடிவந்து, கத்தாமல், நிலத்தைப் பார்த்தபடி தடியால் கல்லில் தட்டித் தட்டி நெருங்க, அது பையை விட்டுவிட்டு மரம் ஏறியது. எல்லாம் கிடைத்தது, என் அடையாள அட்டையைத் தவிர. ஓடைக்குள் போயிருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த அட்டைக்காக ஓடையைக் கிண்டினோம். பின்னேரம் பொலிஸில் முறைப்பாடு போடப் போனோம், அது இல்லாமல் புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாது. "எப்படித் தொலைந்தது?" "குரங்கு கொண்டுபோனது." எழுதுகிறவர் பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதினார்.

இவ்வளவு நேரமும் வங்கிக்காரன் எங்களோடேயே நடந்தான். காலில் இரத்தம் வழிந்தது, அவனுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும், ஒருவருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஏனென்றால் அந்தக் காட்டில் எல்லார் காலிலும் இரத்தம். அட்டை கடித்தால் வலிக்காது, ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க ஒன்றைச் செலுத்திவிட்டுப் போகும், மணிக்கணக்கில் ஒழுகும். நான் இரண்டு நாளில் ஏழு இடத்தில் ஒழுகினேன். காலுறையை உருவியிருந்த கெண்டைக்காலில் மூன்று அட்டைக் கடி, அதோடு நாலாவதாக ஒன்று என்றால் யார் எண்ணப்போகிறார்கள்? 41ஆவது விநாடியில் அவன் போட்ட சத்தத்தை எங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்டபோது பிறகு சொன்னான்: "ஏதோ கிள்ளின மாதிரி இருந்துது மச்சான். கழட்டின அட்டை இன்னொண்டு பிடிச்சிட்டுது எண்டு நினைச்சன். நீ வேற அட்டை அட்டை எண்டு கத்திக்கொண்டு நிண்டாய்."

என் அட்டை வேறு, அவன் அட்டை வேறு. இரண்டுக்கும் நடுவில் அவன் கால் தொலைந்துபோனது.

கண்டுபிடித்தது கிண்ணியாக்காரன். இரவு, தங்கியிருந்த வீட்டுப் பின்புறக் குழாயடியில், இஷாத் தொழுகைக்கு ஒழு எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வங்கிக்காரன் கால் கழுவுகிறான். டோர்ச் வெளிச்சம் காலில் விழுந்தது. அட்டைக் கடி என்றால் குண்டூசி முனை அளவு ஒரு புள்ளி, சுற்றிச் சிவப்பு, சொறியும். இது இரண்டு புள்ளி, ஒன்றிலிருந்து தோல் ஒரு நெல் நீளத்துக்குக் கிழிந்து, சுற்றிவர நீலம் பாரித்திருந்தது. தொட்டால் வலித்தது.

"இது அட்டை இல்லடா."

அடுத்த பதினைந்து நிமிடமும் நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. குரங்குதானே, நாயா? விசர்நாய்க்கடி நாயால்தான் வரும். நாளைக்கு மோலவெல்ல மலை ஏறுவதாக இருந்தோமே. ஊருக்குப் போய் ஒரு ஏற்பு ஊசி போட்டால் சரி. அந்த வீட்டு அக்கா மஞ்சளோடு வந்தார். நான் பேசி முடிக்கும் வரை காத்திருக்காமல் கிண்ணியாக்காரன் அய்யேக்கு போன் அடித்தான். அவர் சொன்னது இரண்டே விஷயம்: மஞ்சள் எதுவும் பூசாதே, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவு, விடிந்ததும் ஆஸ்பத்திரி.

கையில் இருந்தது குரங்கு கடித்த சோப். குரங்குக் கடியைக் குரங்கு கடித்த சோப்பால் கழுவுவதா என்று வங்கிக்காரன் கேட்டான், அந்த நிலைமையிலும். அக்கா புது சன்லைட் கட்டி ஒன்றை உடைத்துத் தந்தார். போனில் நேரம் வைத்து 15 நிமிடம் கழுவினோம்.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு வைத்தியர் முன்னால் இருந்தோம். கடித்து 21 மணித்தியாலம். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் எண் போனில் இருந்தது, இரவே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

வைத்தியர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தோல் கிழிந்ததா, இரத்தம் வந்ததா, கழுவினீர்களா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு என் கேள்விக்குப் பதில் சொன்னார்: இலங்கையில் பெரும்பாலும் நாயால்தான், ஆனால் பாலூட்டி எதுவும் காவலாம். வீட்டு நாய் கடித்தால் கட்டி வைத்து அதற்கு ஏதும் ஆகிறதா என்று கவனிக்கலாம். மரம் ஏறிப்போன குரங்கை எங்கே கட்டி வைப்பது? அறிகுறி தொடங்கிவிட்டால் மருந்து இல்லை, தொடங்குவதற்கு முன் எவ்வளவு பிந்தினாலும் ஊசி போடத்தான் வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு இப்படியான தொடர்பை மூன்றாகப் பிரிக்கிறது. தொட்டது, தீனி கொடுத்தது, முழுத்தோலில் நக்கியது முதல் வகை, அதற்கு ஊசி இல்லை. இரத்தம் வராத கீறல் இரண்டாவது, தடுப்பூசி. தோலைத் துளைத்த கடி மூன்றாவது, தடுப்பூசியோடு காயத்துக்குள்ளும் சுற்றியும் இன்னொரு மருந்தும் ஏற்ற வேண்டும். வங்கிக்காரன் மூன்றாம் வகை. அந்த இரண்டாவது மருந்துக்குப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதெல்லாம் இலவசம், பயணக்காசு மட்டும் எங்கள் செலவு.

புறப்படும்போது வைத்தியர், "மற்ற ஆட்கள் கையைக் காட்டுங்கள்" என்றார். என் மணிக்கட்டில் இரண்டு கோடு. இரத்தம் வரவில்லை. பை பட்டி உரசியதென்றுதான் நினைத்திருந்தேன். வைத்தியர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நகம்." குரங்குதானே நாயா என்று கேட்டவனுக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்று அப்பாச்சி சொன்ன கதை ஞாபகம் வந்து நடுங்கிக்கொண்டுதான் போனேன். அது பழைய காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள், எறும்பு கடித்த மாதிரி. மிச்ச ஊசிகளைத் தவணைப்படி ஊரில் பெரியாஸ்பத்திரியில் இருவரும் சேர்ந்து போய்ப் போட்டோம்.

எங்கே பிழைத்தது

கடியை விட எனக்கு உறுத்துவது அந்த 21 மணித்தியாலம். குரங்கு செய்தது ஒரு கிள்ளல், அதற்கு முன்னால் நாலு எச்சரிக்கை தந்துவிட்டுத்தான் செய்தது: முறைப்பு, வாய், அறை, பாய்ச்சல். பிந்தியது முழுக்க எங்கள் வேலை. சண்டை முடிந்ததும் பொருளை எண்ணினோம், ஆளை எண்ணவில்லை. டோர்ச் இருக்கிறதா, துவாய் இருக்கிறதா, சீட்டு இருக்கிறதா என்று பார்த்த நேரத்தில் நாலு பேரும் ஆளையாள் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தால், ஓடைத் தண்ணீர் காலடியில், சோப்பும் கையில், அங்கேயே வேலை முடிந்திருக்கும். படத்தை விட்டு மறைந்த அந்த இளசை யாராவது ஒருவர் கண்ணில் வைத்திருந்தாலும் போதும். பெரியதைப் பார்த்து எல்லாரும் ஒரே பக்கம் சிரித்துக்கொண்டு நின்றோம், பின்னால் யாருமில்லை.

சின்னவன் தானே முதல் துண்டை எறிந்தான் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அவனில் பிழை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாறை இடுக்கில் கிடந்த பிஸ்கட் தாளெல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் அந்த ரிலவாவுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். சரசர என்றால் தீனி என்பதை அது காட்டில் படிக்கவில்லை.

இப்போது நாங்கள் போகிற இடத்துக்குச் சாப்பாட்டை மூடி திருகிய டப்பாவில் கொண்டுபோகிறோம், அடையாள அட்டை காற்சட்டைப் பைக்குள். வங்கிக்காரனின் பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது, "ஆளைப் பார்" என்று.

கடைசி ஊசி போட்ட கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம், கோணேசர் கோயிலுக்குப் போனேன். படியோரம் ஒரு அண்ணையும் நாலு வயது மகளும். பிள்ளையின் கையில் கதலிப்பழம். சுவரில் ஒரு குரங்கு. புருவம் மேலே போனது, இமை வெளிறியது, வாய் வட்டமாகத் திறந்தது. சின்ன வயதிலிருந்து அந்தச் சுவரில் பார்க்கிற குரங்குதான், இந்த முகத்தை அன்றைக்குத்தான் முதல் தரம் கண்டேன்.

"அண்ணை, பழத்தைப் பைக்குள்ள வையுங்கோ."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது எங்கட குரங்கு தம்பி, ஒண்டும் செய்யாது."

நான் பிள்ளைக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, வாயை மூடி, நிலத்தைப் பார்த்தேன்.